வடக்கு ஜன்னல் தென்னை

டிச. 9, செவ்வாய்

நல்ல வெயில். மீனுவின் துணிகள் மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. இந்த வெயிலில் புயல் வருகிறது என்றால் யார் நம்புவார்கள். நான் நம்புகிறேன். நான் எதையும் நம்பிவிடுவேன் என்பது வீட்டுக்காரர் செ.யின் கட்சி.

வாங்க வேண்டியவை: மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, டயப்பர், பிஸ்கட், கேஸ் லைட்டருக்குப் பதில் தீப்பெட்டி. மோட்டார் ஓடும்போதே டேங்க் நிரப்ப வேண்டும். எமர்ஜென்சி லைட் எங்கே வைத்தேன்?

தமிழ்ச் சேனல் வரைபடம் எல்லையில் களியக்காவிளையோடு முடிந்துவிடுகிறது. மலையாளச் சேனல் பாறசாலையில்தான் ஆரம்பிக்கிறது. புயல் இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்கிறார்கள்.

மீனு இன்று கை தட்டினாள். தானாக. எட்டு மாதத்துக்கு இது சரிதான், புத்தகத்தில் பார்த்தேன்.

வடக்கு ஜன்னலைத் திறந்தால் பிந்து சேச்சி வீட்டுத் தென்னை. அவள் வளாகத்தில் முளைத்து, மதிலைத் தாண்டி, நம் படுக்கையறை ஓட்டுக்கு நேர் மேலே தலையை நீட்டி நிற்கிறது. குடி வந்தபோது அழகாக இருந்தது. நிழல் விழுகிறது, பாப்பனங்கோட்டில் இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடா என்று சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு அதன் கீழே நின்று பேப்பரில் முக்கோணம் போட்டுப் பார்த்தேன். விழுந்தால் தலை தொட்டில் வரைக்கும் வரும். தொட்டிலை ஹாலுக்கு மாற்றினாலும் ஹால் பாதி வரைக்கும் வரும். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தது இதற்குத்தான் போல.

போய்க் கேட்டுவிட்டேன். சேச்சி அவள் வீட்டின் தென்புறச் சாய்ப்பில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு வயது, தனி ஆள். சாலை பஜாரின் தமிழர் கடைகளில் சாமான் வாங்கப் போய்ப் போய்ப் பிடித்த பாதித் தமிழில் என்னிடம் பேசுவாள். ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு நுனி அவள் பல்லில்.

"சேச்சி, அந்தத் தென்னைய வெட்டிரலாமா? மீனு படுக்க ரூமு நேரே கீழ இருக்கு. புயல் வேற வருதுன்னு..."

"அது வெட்டில்ல மோளே."

"கூலி நாங்க தாரோம் சேச்சி."

"கூலி அல்ல. அது வெட்டில்ல. நீ பேடிக்கண்டா, ஆள் வீழில்ல." நாற்காலியில் இருந்த பெண்ணின் தாடையை நிமிர்த்தி, "முகம் பொக்கு மோளே."

அவ்வளவுதான். பயப்படாதே, விழாது என்று சொல்லிவிட்டாள். மரத்தை ஆள் என்கிறாள்.

செ.யிடம் சொன்னேன். சாப்பிட்டபடியே, "கேட்டாச்சு, மாட்டேன்னுட்டாங்க. விடு பிள்ள. தென்னைன்னா சாஞ்சுதான் நிக்கும். அதான் அதுக்கு அழகு."

"அழகு ஒங்க மக மேல விழுந்தா?"

ரசம் கேட்டார்.

டிச. 10, புதன்

மேகம். காற்றே இல்லை, ஒரு இலை ஆடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

காலையில் நாகர்கோவிலில் இருந்து அம்மா. "மக்ளே, அங்க மழையா? இங்க ஒண்ணையும் காணல்ல. பிள்ளையத் தூக்கிட்டு இங்க வந்திரு." புயல் முதலில் அங்கேதான் போகிறது என்கிறார்கள். புயலைத் தேடிப் போகவா? வலியசாலையில் செ.யின் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை. செ.யின் அம்மா போனில், "இந்தப் பக்கம் கால் வச்சிராத. வேப்பிலை கட்டியிருக்கு." ஆக, போக இடம் இல்லை.

மதியம் ஒரு காரியம் செய்தேன். தென்னையை ஜன்னல் வழியாகப் போட்டோ எடுத்து, நம் ஓடு வரைக்கும் சிவப்பில் அம்புக்குறி போட்டு, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அபாயமான மரம், புயலுக்கு முன் வெட்ட ஏற்பாடு செய்ய வேண்டும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று ஆங்கிலத்தில். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பூப்படம் போட்டு குட் மார்னிங் சொல்கிற குழு. கொசு மருந்து அடித்தால்கூட நாற்பது கைகூப்பு வரும். இதற்கு ஒரு கட்டைவிரல் இல்லை. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். மாலை வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீனு மருந்துக் குப்பியைக் கடித்துக்கொண்டிருந்தது தெரியாமல். (மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.)

ஐந்தரைக்கு அசோசியேஷன் செக்ரட்டரி போன். ரிட்டயர் ஆனவர், மரியாதையான ஆள்.

"மோளே, ஆ போட்டோ ஒண்ணு டிலீட் செய்யாமோ?"

"ஏன் அங்கிள்? ஆபத்தான மரம்தானே. வெட்டத்தான் சொன்னேன்."

"ஆபத்து சரி. ஆனா அங்கதான் மோளே பிந்துவோட ஹஸ்பண்டைத் தகனம் செஞ்சது. இருபது வருஷம் ஆயி. இவிட அங்ஙனயாணு. வீட்டுக்குத் தெக்கே பாகத்துல தகனம், அந்த இடத்துல ஒரு தெங்கின் தை, தென்னங்கன்னு, வைக்கும். நிங்ஙளுக்கு அறியில்ல, குற்றம் அல்ல. தெருவுல எல்லாருக்கும் அறியும். அதான் ஆரும் மிண்டாதது."

போனில் எச்சில் பட்டிருந்தது, மீனுவுடையது. துடைத்தபடியே நின்றேன்.

நம்மூரில் இறந்தவர்கள் ஊருக்கு வெளியே போகிறார்கள். குளித்து, ஈரத் துணியோடு திரும்புவார்கள் ஆண்கள். எங்கே எரித்தது என்றுகூடப் பெண்களுக்குத் தெரியாது. அப்பாவுடைய இடம் எனக்குத் தெரியாது. இங்கே சமையலறைக் கதவைத் திறந்தால் தெரிகிற தூரத்தில், பார்லர் ஜன்னலுக்கு நேரே. தினமும் அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு யாருக்கோ புருவம் எடுக்கையில் அவர் வெளியே நிற்கிறார்.

போட்டோவை நீக்கிவிட்டு, மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கடை மூடும் நேரம். முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, எனக்குத் தெரியாது. சத்தியமா..."

"போட்டோ கண்டு."

"நீக்கிட்டேன் சேச்சி."

"அய்யோ, எதுக்கு? நல்லா வந்திருந்தது. ஆளோட முழுப் போட்டோ ஒண்ணும் என்கிட்ட இல்ல. சிவப்புக் கோடு இல்லாத்தது உண்டெங்கில் அயச்சுத் தா."

அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். ஓலை, குலை, அடி. அவர் பெயர் அனில். பைக் விபத்தில் போனவர். அவளுக்கு அப்போது என் வயது.

இதை எழுதும்போதும் ஜன்னலில் அது தெரிகிறது. விஷயம் தெரிந்த பிறகும் சாய்ந்துதான் நிற்கிறது. என் பயம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. பயப்பட வெட்கமாக இருக்கிறது, அது ஒன்றுதான் புதிது.

டிச. 11, வியாழன்

காலையில் இருந்து தூறல். நாளைக்கு ரெட் அலர்ட். பள்ளிக்கூடம் எல்லாம் லீவு.

செ. நான்கு மணிக்கே சாலை பஜார் கடையை அடைத்துவிட்டு வந்தார். ஹார்டுவேர் கடைக்காரருக்குப் புயல் என்றால் தார்ப்பாயும் கயிறும் ஓடும். இன்று அரைநாளில் எல்லாம் தீர்ந்ததாம். ஸ்கூட்டரில் ஒரு சுருள் இரும்புக் கம்பிக் கயிறு, கூடவே முறுக்கி இறுக்குகிற கொக்கி.

"வெட்டாண்டாம். கட்டிருவோம். இந்த ஊருல சாஞ்ச தென்னைய எல்லாரும் கம்பி போட்டுக் கட்டித்தானே வச்சிருக்கான். நான் விக்கற கம்பில பாதி அதுக்குத்தான் போவுது."

இதை செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம். சொன்னேன். "நீ கேட்டியா?" என்றார்.

தென்னையில் ஏற ரெஜி வந்தான். முதலில் குலையும் பழுத்த ஓலையும் கழித்துப் பாரம் குறைத்தான். மழையில் அத்தனை உயரத்தில் இருந்துகொண்டு கீழே செ.யிடம் கதை.

"அண்ணா, இவிடெ நல்ல காற்று! நாளைக்கு மோளையும் கொண்டு கேறிக்கோ!"

"எறங்குடே முதல்ல. வாயப் பாரு!"

கம்பியின் மறுமுனையை எங்கே கட்டுவது என்றுதான் பேச்சு. எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இருப்பது சேச்சி வீட்டுப் பின்புறப் பலாமரம் மட்டும். கம்பி பார்லரின் ஷீட் கூரைக்கு மேலே போகும். செ. தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பிந்துச் சேச்சி, ஒரு விஷயம். கம்பி பிடிச்சா இது எங்க பக்கம் வராது. ஆனா வேரு எளகிச்சுன்னா, இழுக்கற பக்கமாத்தான் போகும். ஒங்க பார்லர் மேல."

சேச்சி குடையைச் சாய்த்து மேலே பார்த்தாள்.

"என்டெ பக்கம் வீழட்டே. என்டெ ஆள்தானே."

ரெஜி கம்பி நுனியைப் பிடித்துக்கொண்டு பலா பக்கம் நடந்தான்.

செ. முறுக்க முறுக்க மரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நான் ஜன்னலில் இருந்து பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன். போதும் என்று அவர் சொன்ன பிறகும் இன்னும் கொஞ்சம் என்றேன். முறுக்கினார். ஓலை நம் ஓட்டைவிட்டு விலகியது. துண்டு வானம் தெரிந்தது.

அப்போது நிம்மதி. இப்போது எழுதும்போது வேறு கணக்கு ஓடுகிறது. முக்கோணத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தால் பார்லர் நாற்காலி வரைக்கும் வருகிறது.

மதில் மேலே எட்டிக் கூப்பிட்டேன். "சேச்சி, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்திருங்க."

"நாளை கஸ்டமர் உண்டு மோளே. கல்யாணப் பொண்ணு. ஞாயிறு கல்யாணம்."

"ரெட் அலர்ட் சேச்சி!"

"புருவம் எடுக்காத எங்ஙனெ கல்யாணம் கழிக்கும்?"

டிச. 12, வெள்ளி

கரண்ட் இல்லை. போனில் கொஞ்சம்தான் சார்ஜ். எமர்ஜென்சி லைட்டில் எழுதுகிறேன்.

விடிந்ததே தெரியவில்லை. வடகிழக்கில் இருந்து காற்று. கம்பி விறைத்து, தம்புராவை விட்டு விட்டுத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மீனுவுக்கு அது பிடித்துப்போனது. தட்டும்போதெல்லாம் சிரிப்பு. ஹாலில் தென்மேற்கு மூலையில் பாய் போட்டுக் குடியேறினோம். கதவு இடுக்கில் துணி. ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகல், பாத்திரம் வைத்தாயிற்று.

கல்யாணப் பெண் வரவில்லை. பதினோரு மணிக்கு செ. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போய்ச் சேச்சியைக் கூட்டி வந்தார். குடை மலர்ந்து போயிருந்தது. கையில் ஒரு தூக்குவாளி நிறைய அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். இடுப்பில் நூல் உருண்டை, பவுடர் டப்பா.

"கஸ்டமர் வந்நில்ல. நீ இரி. முகம் எந்தொரு கோலம்!"

"இப்பவா சேச்சி?"

"பின்ன எப்போ? பிரசவம் கழிஞ்ஞு கண்ணாடி பாத்திட்டுண்டோ நீ?"

இல்லை. உண்மைதான். ஜன்னல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்தாள். வெளியே என்னென்னவோ பறக்கிறது. யாருடைய தண்ணீர்த் தொட்டி மூடியோ தெருவில் உருண்டு போனது. உள்ளே நூல் விர்ரென்று என் புருவத்தில். கண்ணில் தண்ணீர், தலையை அசைத்துவிட்டேன்.

"அனங்காதே. அனங்கினா ஒரு புருவம் களியக்காவிளை, ஒரு புருவம் பாறசாலை ஆகும்."

செ. சிரித்துவிட்டார். நானும். எவ்வளவு நாள் ஆயிற்று யாராவது என் முகத்தைத் தொட்டு.

கப்பை தின்றோம். காரத்தில் செ.க்கு விக்கல். மீனு தூங்கினாள்.

மூன்று மணி சுமாருக்குக் காற்று நின்றது. சட்டென்று. முடிந்தது என்று செ. கதவைத் திறக்கப் போனார். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆரம்பித்தது, இந்தத் தடவை தெற்கில் இருந்து. வடக்கு ஜன்னலில் பார்த்தால் விறைத்திருந்த கம்பி தொய்ந்து ஆடுகிறது. தென்னை அதுவரை போகாத பக்கம் போய்ப் போய் வந்தது. அடியில் மண் வாய் திறந்து திறந்து மூடியது. நான் பார்த்தேன். சேச்சியும் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேனா அவள் என் கையைப் பிடித்திருந்தாளா, ஞாபகம் இல்லை.

முறிகிற சத்தம் ஒன்றும் வரவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தாற்போல ஒரு சத்தம், தரையில் அதிர்ச்சி. அப்புறம் ஷீட். அப்புறம் கண்ணாடி, நிறைய கண்ணாடி.

மீனு எழுந்திருக்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. என் மகள் பக்கம் விழவில்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சேச்சி எழுந்து வெளியே போய்விட்டாள். "சேச்சி, கரண்டு கம்பி கெடக்கும், போவாதீங்க!" என்று செ. பின்னால் ஓடினார். அவள் மதில் வரைக்கும்தான் போனாள். நான் வாசலில் நின்றேன். தென்னை அவள் வளாகத்துக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. வேர்க்கட்டி மேலே. தலை முழுவதும் பார்லர் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே. நாற்காலி மேல் ஓலை.

மழையில் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"இருபது வருஷம் வெளியே நின்னு. இன்னைக்கு ஆள் அகத்து கேறி."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். மழை அடித்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை.

உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "சாய உண்டோ மோளே?" என்றாள். போட்டேன். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். குடித்தாள்.

இப்போது ஹாலில் மீனுவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். காற்று போய்விட்டது. மழை மட்டும்.

டிச. 13, சனி

தூறல். கரண்ட் வரவில்லை. பால் பாக்கெட் வந்தது! அம்மாவுக்கு ஒரு வழியாக லைன் கிடைத்தது. நாகர்கோவிலில் வாழை எல்லாம் போயிற்றாம், வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. மீனுவின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. பாதி ஈரத்தோடு அயர்ன் பண்ணலாம் என்றால் கரண்ட் இல்லையே. மூளை.

காலையில் தெருவே சேச்சி வளாகத்தில். செக்ரட்டரி, ரெஜி, அவன் கூட்டாளிகள், பிள்ளைகள். செ. கூரையை அண்ணாந்து பார்த்து, ஷீட்டும் கண்ணாடியும் தன் பொறுப்பு என்று அவராகவே சொன்னார். சேச்சி கேட்காத மாதிரி நாற்காலி மேல் இருந்த ஓலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சில் இருந்தது. ஓலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நான்தான் சேச்சி. அவரு போதும்னாரு. நான்தான் இன்னும் முறுக்கச் சொன்னேன்."

"எனக்கறியும். நின்டெ சத்தம் தெருவு முழுவன் கேட்டது." ஓலையைத் தள்ளிப் போட்டாள். "நீ முறுக்கினதுகொண்டு ஒண்ணும் அல்ல. ஆளு பண்டு முதலே அப்படித்தான். நான் விளிச்சா வரில்ல. ஆளுக்கே சுயம் தோணணும்."

அடுத்த ஓலையின் நுனியைப் பிடித்தேன். இழுத்தோம்.

தலையை அறுக்க ரெஜி வாள் எடுத்தபோது மட்டும் அவனை நிறுத்தினாள். தடியை ஒரு தடவை மேலிருந்து கீழே தடவினாள், தலைமுடியைப் பார்க்கிற கை. பிறகு, "இனி அறுத்துக்கோ."

மட்டைகளை ஒவ்வொன்றாகக் கழித்து, கழித்து, உள்ளே கடைசியில் குருத்து. கைத்தண்டி கனத்தில், யானைத் தந்தம் மாதிரி வெள்ளை. பிள்ளைகள் கூச்சல். தென்னை விழுந்தால் குருத்து தின்பது எங்கள் பக்கமும் உண்டு, சின்ன வயதில் தின்றிருக்கிறேன். ஆனால் இந்த மரத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளைச் செக்ரட்டரி அதட்டினார். "போடா எல்லாரும், போ!"

"எதுக்கு விரட்டுந்நு? நில்லு மக்களே," என்றாள் சேச்சி. உள்ளே போய்க் கத்தி கொண்டு வந்தாள். விழுந்த தடி மேலேயே உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள். முதலில் பிள்ளைகளுக்கு. ரெஜிக்கு. செக்ரட்டரிக்கு, வேண்டாம் வேண்டாம் என்றவருக்கும். செ.க்கு.

எனக்கு ஒரு துண்டு நீட்டினாள். என் கை போகவில்லை. மீனுவை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன்.

"தின்னு மோளே. ஒரு தெங்குல ஒரு தடவதான் கிட்டும்."

வாங்கினேன். நுனியை மீனுவின் நாக்கில் தொட்டு வைத்தேன். முகத்தைச் சுளித்து, பிறகு சப்பினாள். மிச்சத்தை நான் வாயில் போட்டேன். சேச்சி கத்தியை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மதுரம் உண்டோ?"

உண்டு என்றேன்.